எதற்கு என்று அக்கா கேட்டாள்

மனிதர் நூற்றைம்பது வயதுவரை வாழலாம் என்று என் தம்பி நம்புகிறான். நம்புவதோடு நிற்பதில்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், கொழும்பு வெள்ளவத்தையில் நான் குடியிருக்கும் மாடிக் கட்டடத்தின் கீழ்த்தள மண்டபத்தில் திரையைத் தொங்கவிட்டு அதைப் பற்றிப் பேசுவான். முதுமை விதியல்ல, திருத்தக்கூடிய பழுது என்பதுதான் எப்போதும் அவனுடைய முதல் வசனம். கேட்க வருகிறவர்கள் பெரும்பாலும் எங்கள் கட்டடத்துப் பென்ஷன்காரர்கள். அவர்களுக்கு அது பொழுதுபோக்கு. தம்பிக்கு அவர்கள் ஓர் இயக்கம். கதிரைகளை வரிசையாகப் போடுவதும் பாலில்லாத பிளேன்ரீயும் கடிக்கப் பற்றிஸும் ஒழுங்கு செய்வதும் என் பொறுப்பு. வரிசை கோணலாக இருந்தால் எனக்குப் பேச்சு காதில் ஏறாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் பெரியக்காவும் வந்திருந்தாள். கொட்டாஞ்சேனையில் தனியாக இருக்கிறாள். அத்தான் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தவர். காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளைகள் இல்லை. அக்கா ஓய்வுபெற்ற கணக்கு ரீச்சர். தம்பியின் பேச்சுக்கு அதுவரை ஒருமுறையும் வராதவள், அன்று சொல்லாமல் கொள்ளாமல் வந்து இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தாள். தம்பிக்கு உற்சாகம் தாங்கவில்லை. வழக்கத்தைவிட வேகமாகப் பேசினான்.

பேச்சு முடிந்ததும் மூன்றாம் மாடி மாமா எழும்பினார்.

“தம்பி, ஒரு விசயம் தெளிவாச் சொல்லும். என்ர மனுசியும் நூற்றைம்பது வரைக்கும் இருப்பாவோ?”

பக்கத்திலிருந்த மாமி திரும்பியும் பார்க்கவில்லை. “எனக்கு மட்டும் ஆசையே, உங்களோட இன்னும் எண்பது வருசம் மல்லுக்கட்ட?”

மண்டபம் சிரித்து ஓய்ந்த பிறகு அக்கா கேட்டாள். “எப்பிடி எண்டு வடிவாச் சொன்னாய். எதுக்கு எண்டு ஒரு படத்திலயும் இல்லையே?”

“எதுக்கு எண்டா? விளங்கேல்லை அக்கா.”

“அவ்வளவு காலம் இருந்து என்ன செய்யிறது எண்டு கேக்கிறன்.”

“அது அவையவையின்ர விருப்பம். நான் நேரத்தைத்தான் குடுக்கிறன்.”

“நேரம் நல்ல சாமான் எண்டு நீ நிறுவேல்லை. நிறுவாததை வச்சுக்கொண்டு அடுத்த வரிக்குப் போகக்கூடாது.”

“ரீச்சர் மார்க்ஸ் வெட்டிப்போட்டா!” என்றார் மாமா. எல்லாரும் மறுபடி சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். நானும் சிரித்தேன். அக்கா பகிடி விடுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

பிறகு மேலே என் வீட்டுக்கு வந்து, குசினியில் நான் கோப்பைகளைக் கழுவ அக்கா துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“நெஞ்சு டொக்டரிட்டப் போனனான்” என்றாள். “இதயத்தில ஒரு வால்வு சுருங்கிப் போச்சாம். மாத்தோணுமாம். கெதியா மாத்தோணுமாம், பிந்தக்கூடாதாம். நான் வேண்டாம் எண்டிட்டன்.”

வாசலுக்கு வந்த மரக்கறிக்காரரைத் திருப்பி அனுப்பியதைச் சொல்வதுபோல் சொன்னாள். நான் திரும்பி அவளைப் பார்த்து, “எந்த வால்வு?” என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று இன்றைக்கும் தெரியாது. எந்த வால்வாக இருந்தால் எனக்கென்ன? அந்த நேரத்தில் என் வாயில் வந்தது அதுதான்.

அவள் வலது வால்வு இடது வால்வு என்று பொறுமையாக விளக்கினாள். மாற்றினால் நெடுங்காலம் இருக்கலாம், அவளுடைய உடம்பு அதற்குத் தாங்கும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். மாற்றாவிட்டால் ஒரு வருடம் போகலாம், இரண்டு போகலாம், அதற்குமேல் தன்னால் சொல்ல இயலாது என்றாராம்.

“பயமோ அக்கா? ஒபரேஷனுக்குப் பயமோ?”

“பயமெண்டில்லை.”

“அப்ப என்ன? தனிய இருக்கிறது கஷ்டமோ? என்னோட வந்து இருங்கோ எண்டு எத்தினை தரம்...”

“எடியே, எனக்கு ஒரு குறையும் இல்லை. நித்திரை வருது. சாப்பிடுறன். கிரிக்கெட் மச் நடந்தா ரீவியில பாக்கிறன். கலியாண வீட்டில பந்தியில இருந்து வயிறு நிறைய சாப்பிட்டிட்டு இலையை மடிக்கிறம் தானே? மடிச்ச இலையைப் பிரிச்சு, இன்னும் ஒரு கரண்டி, இன்னும் ஒரு கரண்டி எண்டு நிக்கிறீங்கள். அதுதான் விளங்கேல்லை.”

அவள் அழுதிருந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். துக்கத்துக்கு டொக்டர் இருக்கிறார், கோயில் இருக்கிறது, நான் இருக்கிறேன். அவள் கோப்பைகளின் காதுகளை எல்லாம் ஒரே பக்கம் பார்க்கத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். நான்தான் அப்படி அடுக்குகிறவள். எனக்குப் பிடிக்கும் என்பதற்காக அவளும் அப்படி வைத்தாள். இவ்வளவு கவனமாக இன்னொருத்தியின் கோப்பையை அடுக்கத் தெரிந்தவள், தனக்கு இனி வேண்டாம் என்கிறாள். அன்று நாட்குறிப்பில் வால்வின் பெயரை மட்டும் எழுதிவிட்டு மூடினேன்.

அந்தக் கிழமை வந்த பௌர்ணமிப் போயா விடுமுறையன்று தம்பியை அழைத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அவனுக்கு விஷயத்தை ஓட்டோவில் வைத்துத்தான் சொன்னேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. பிறகு, “கதைச்சுச் சரிப்பண்ணலாம் சின்னக்கா, இது அறியாமை” என்றான். அக்காவைப் பற்றி அறியாமை என்று சொல்ல முதல் தடவையாக ஒருவருக்குத் துணிவு வந்ததைக் கேட்டேன்.

அக்காவின் வீட்டு விறாந்தையிலிருந்து பார்த்தால் துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும். தம்பி தன் போன் திரையில் வால்வு மாற்றும் விதத்தைப் படம் படமாகக் காட்டினான். அக்கா கண்ணாடியை ஏற்றி இறக்கி எல்லாவற்றையும் பார்த்தாள். நல்ல கெட்டிக்காரத்தனமான வேலை என்று மெச்சினாள்.

“அப்ப ஓம் எண்டு சொல்லுங்கோவன்” என்றான் தம்பி.

“முதல் நீ ஒரு கேள்விக்கு மறுமொழி சொல்லு. உனக்கு வாழப் பிடிக்குதோ?”

“இதென்ன கேள்வி அக்கா?”

“நேற்று என்ன செய்தனி? காலமையில இருந்து சொல்லு.”

தம்பி சொன்னான். விடிய எழும்பி மெஷினில் ஓடியது. ஐஸ் போட்ட தண்ணீரில் குளித்தது. மாத்திரைகள். மத்தியானம்வரை சாப்பிடாமல் இருந்தது. கொள்ளுப்பிட்டியில் வேலை. அலுவலகத்தில் யாருக்கோ பிறந்தநாள், கேக் வெட்டினார்கள், இவன் தொடவில்லை. வீட்டுக்கு வந்து இரத்த அழுத்தம் பார்த்தது. வேளைக்குப் படுத்தது.

“அதில எது நல்லாயிருந்தது?”

கீழே தெருவில் ஒருவன் சிங்களத்தில் மீன் விற்றுக்கொண்டு போனது கேட்டது. நான் தம்பிக்காக மனதுக்குள் தேடினேன்: ஏதாவது சொல்லடா, வெயில் நல்லாயிருந்தது என்றாவது சொல்லு.

“அக்கா” என்றான் கடைசியில், “வாழ்க்கை பிடிக்கும் எண்டு நான் ஒருநாளும் சொன்னதில்லை. எனக்குச் சாகப் பயம். சரியான பயம். அவ்வளவுதான்.”

அக்காவே இதை எதிர்பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். “சரி, சரி, ரீயைக் குடி. சீனி போடேல்லை” என்றாள். அதற்குப் பிறகு வால்வைப் பற்றி யாரும் பேசவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இருவருக்கும் இருக்கை கிடைத்தது. எனக்குத் திகைப்பு மாறிக் கோபம் வந்திருந்தது.

“இத்தினை மாதம் சனத்துக்கு முன்னால நிண்டு கதைச்சனியே. வாழ்க்கை நல்லதெண்டு ஒரு வசனம் உன்னட்ட இல்லையோ?”

“அது என்ர வேலை இல்லை சின்னக்கா. ஒருத்தன் தண்ணிக்குள்ள தாழுறான். கயிறு எறிய முதல் அவனுக்கு வாழ்க்கை நல்லதெண்டு நிறுவிக்கொண்டோ நிப்பீங்கள்?”

“அவ கயிறைப் பிடிக்கமாட்டன் எண்டல்லோ சொல்லுறா!”

“அதுதான் எனக்கும் விளங்கேல்லை. எல்லாரும் பிடிப்பினம் எண்டுதான் நான் நினைச்சனான்.” கொண்டக்டரிடம் ரிக்கற் வாங்கிக்கொண்டு தொடர்ந்தான். “அதோட, நல்லதெண்டு சொல்ல வெளிக்கிட்டா, நல்லா இல்லாதவன் எழும்பி எனக்கு நல்லா இல்லையே எண்டுவான். அவனுக்கு என்ன சொல்லுறது? அப்ப உனக்கு மருந்து இல்லை எண்டோ? அதுக்குள்ள போகக்கூடாது. போனாத் தோத்துப்போவம்.”

அவன் சொன்னதில் நியாயம் இருக்கலாம். ஆனால் அக்காவுக்கு ஒரு காரணம் வேண்டும். அவன் சொல்லமாட்டான் என்றால் நான் சொல்கிறேன் என்று முடிவெடுத்தேன். பேசினால் மடக்கிவிடுவாள். எழுதிக் கொடுத்தால் முழுவதையும் வாசித்தாக வேண்டும். எழுதுவது எனக்கு வரும்.

எப்படி வரும் என்பதையும் சொல்லவேண்டும். எங்கள் ஆட்களில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் வீட்டுக்கிருத்தியம் என்ற சடங்குக்கு வருகிறவர்கள் கையில் ஒரு சிறு புத்தகம் கொடுப்பார்கள். தாளில் அச்சடித்ததுதான் என்றாலும் கல்வெட்டு என்று பெயர். முன்னால் இறந்தவரின் படம், பிறகு தேவாரம், நடுவில் அவருடைய வாழ்க்கை வரலாறு, கடைசியில் நன்றி நவிலல். அந்த வாழ்க்கை வரலாற்றை எழுதித் தரச்சொல்லி வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் தெரிந்தவர்கள் என்னிடம் வருவார்கள். என் எழுத்தில் அழகு இருப்பதாக யாரும் சொன்னதில்லை. பிறந்த ஊர், படித்த பள்ளி, சகோதரங்களின் ஒழுங்கு எதுவும் பிழைக்காது என்று வருகிறார்கள். துக்க வீட்டில் அது பெரிய உதவி.

மூன்று விடியற்காலைகள் கணினி முன் உட்கார்ந்தேன். அக்காவின் வாழ்க்கையை எழுதினேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து கொழும்பைத் தன் ஊராக்கிக்கொண்டது. கணக்கென்றால் நடுங்கிய பிள்ளைகளை மடியில் இருத்திப் பின்னம் சொல்லிக் கொடுத்தது. எண்பத்துமூன்று இனக்கலவரத்தில் சிறுபிள்ளைகளான எங்களைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மாவின் அறைக்குள் ஒளிந்திருந்தபோது, தம்பி அழாமலிருக்க அவனுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தது. அத்தானின் நோய்க்காலத்தில் கண்ணிமைபோல் காத்தது. எல்லாம் உண்மை. எழுதும்போதே எனக்கு நெஞ்சு நிறைந்தது. இதை வாசிக்கிறவள் வாழ்க்கை பெறுமதியானது என்று ஒப்புக்கொள்ளாமல் என்ன செய்வாள் என்று நினைத்தேன். நல்ல தாளில் அச்சடித்து, மடங்காமல் உறையிலிட்டு, வெள்ளிக்கிழமை வேலை முடிந்து நேரே கொட்டாஞ்சேனைக்குப் போனேன்.

அக்கா மேசையில் வைத்து வாசித்தாள். நான் எதிரே உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்தேன். ஓரிடத்தில் மெல்லச் சிரித்தாள். ஓரிடத்தில் நிறுத்தி, மறுபடி முதல் வரிக்குப் போனாள். முடித்துவிட்டுக் கையை நீட்டித் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

“வடிவா எழுதியிருக்கிறாய்” என்றாள். “இந்தப் பெட்டி என்னத்துக்கு?”

“எந்தப் பெட்டி?”

தாளைத் திருப்பிக் காட்டினாள். மேலே, தலைப்புக்குக் கீழே நடுவில், கறுப்புக் கோட்டால் ஒரு சதுரம். உள்ளே ஒன்றுமில்லை.

விஷயம் எனக்குள் இறங்கச் சிறிது நேரம் எடுத்தது. புதிதாக ஒரு கல்வெட்டு எழுதத் தொடங்கும்போது கடைசியாக எழுதியதைத் திறந்து, அந்த மனிதரின் படத்தையும் விபரங்களையும் அழித்துவிட்டு அதற்குள்ளேயே அடுத்தவரை எழுதுவது என் வழக்கம். எழுத்தின் அளவு, ஓரத்து இடைவெளி எல்லாம் தயாராக இருக்கும். முதல் விடியற்காலையிலும் என் கை அதையே செய்திருக்கிறது. ஒரு செத்த மனிதரை அழித்துவிட்டு அந்த இடத்தில் என் அக்காவை எழுதியிருக்கிறேன். அவருடைய படத்தை நீக்கியவள் அதன் சட்டத்தை நீக்கவில்லை. மூன்று நாளும் அது என் கண்முன்னேதான் இருந்திருக்கிறது.

“படம் ஒட்டவோ?” என்றாள் அக்கா. அவளுக்கு விளங்கிவிட்டது. “அட பாவி! எனக்குக் கல்வெட்டே எழுதிக்கொண்டு வந்தனி?”

அவள் சிரிக்கத் தொடங்கினாள். மூச்சு வாங்கி, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் தாளைத் திருப்பி வாங்கக் கை நீட்டினேன், அவள் தரவில்லை.

சிரிப்பு அடங்கியதும் அவள் தாளை மேசையில் வைத்துக் கையால் நீவிவிட்டாள்.

“பரவாயில்லை. நீ சரியாத்தான் செய்திருக்கிறாய். இஞ்ச பார், இது ஒரு முழு ஆள். இவவுக்கு என்ன குறை? இவ்வளவு நல்லா இருந்ததெண்டா, போதும் எண்டு எழும்பலாம் தானே? நல்லா இல்லாட்டித்தான் இன்னும் கொஞ்சம் பாப்பம், ஏதாவது வரும் எண்டு காத்துக்கொண்டு இருக்கோணும். நீ எழுதினது என்ர பக்கத்துக்குத்தான் சாட்சி சொல்லுது.”

அவள் சொன்னது சரி. நான் கொண்டுவந்த வாழ்க்கை எவ்வளவு நல்லதோ அவ்வளவுக்கு அது முடிந்திருந்தது. அதில் நாளைக்கென்று ஒரு வரியும் இல்லை.

பிறகு நடந்ததை நான் தீர்மானித்துச் செய்யவில்லை. எழும்பி நின்றேன். கதிரை பின்னால் விழுந்தது.

“நான் படம் தேடமாட்டன்!” என்று கத்தினேன். “உங்கட அல்பத்தைத் திறந்து, இது நல்லா இருக்குமோ அது நல்லா இருக்குமோ எண்டு பாக்க என்னால ஏலாது! அந்தப் பெட்டிக்குள்ள போட நான் படம் எடுத்துத் தரமாட்டன்! செத்தாலும் தரமாட்டன்!”

எங்கள் வீட்டில் நான் கத்தி யாரும் கேட்டதில்லை. பக்கத்து வீட்டு ரேடியோ சட்டென்று குறைந்தது. அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தபடி இருந்தாள்.

“ஆர் செத்தாலும்?” என்றாள் மெதுவாக.

“ஆர் செத்தாலும்!”

அவள் குனிந்து விழுந்த கதிரையை நிமிர்த்த முயன்றாள். அதற்கே மூச்சு வாங்கியது. நான் பறித்து நிமிர்த்தினேன். அவள் குசினிக்குள் போனாள். கேத்திலில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, பிறகு நின்றது.

“அந்த டொக்டர் என்ன கிழமையில கிளினிக்குக்கு வாறவர்?” என்று உள்ளிருந்து கேட்டாள்.

அந்த நாளை நான் முன்பே விசாரித்து வைத்திருந்தேன். ஆனாலும் குசினி வாசலில் போய் நின்று, “ஏன் அக்கா?” என்றேன்.

“போய்க் காட்டத்தான். பின்ன?”

“என்ன... ஏன் இப்ப...”

“காரணம் கேக்காதை. சொன்னா நீ எழுதிப்போடுவாய்.”

வெள்ளவத்தை வந்து சேர்ந்ததும் தம்பிக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவன் நம்பவில்லை. எது வேலை செய்தது, எந்த நியாயம், சொல்லுங்கள், நான் பேச்சில் சேர்க்கவேண்டும் என்று துடித்தான்.

“நியாயம் ஒண்டும் இல்லை. கத்தினனான்.”

“ஆர், நீங்களோ?” என்றான். அக்கா சம்மதித்ததைவிட அதுதான் அவனைக் கூடுதலாகத் தாக்கியதுபோல் இருந்தது.

வால்வு மாற்றியாயிற்று. அக்கா உடம்பு தேறும்வரை என்னோடு வந்து இருந்தாள். ஒருநாள் தம்பி, தன் அடுத்த பேச்சில் ‘எதற்கு’ என்றொரு பகுதி சேர்க்கப் போவதாகவும் அக்கா அதில் நாலு வார்த்தை பேசவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டு வந்தான்.

“என்னை விளம்பரத்துக்குப் போடாதை” என்றாள் அக்கா. “அந்தப் பகுதியையும் போடாதை.”

“நீங்கள்தானே கேட்டனீங்கள்?”

“கேட்டனான். நீ அண்டைக்கு மறுமொழி சொல்லியிருந்தா அதில பிழை பிடிச்சிருப்பன். பிழை பிடிச்ச பிறகு அதிலயே நிண்டிருப்பன். நிண்டு செத்தும் போயிருப்பன். என்னைத் தெரியும் தானே?”

நான் மாத்திரைகளை எடுத்து வைப்பதுபோல் அறைக்குள் வந்துவிட்டேன்.

அவளுக்கு இப்போது வாழப் பிடித்திருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன். ஆனால் ஒன்று மட்டும் இன்றைக்கும் மனதை விட்டுப் போகவில்லை. எந்தத் தாளையும் கொடுப்பதற்கு முன் மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் பார்க்கிறவள் நான். அந்த ஒரு தாளை மட்டும்தான் பார்க்காமல் கொடுத்தேன். பார்த்திருந்தால் அந்தச் சட்டத்தை அழித்திருப்பேன், கத்தியிருக்கவும் மாட்டேன். அக்கா வாசித்துவிட்டு, வடிவா எழுதியிருக்கிறாய் என்று சொல்லி உறைக்குள் போட்டு வைத்திருப்பாள். நான் ரீ குடித்துவிட்டு, சந்தோசமாக, பஸ் ஏறி வீட்டுக்கு வந்திருப்பேன்.